தினமும் டைரி எழுதலாம், தினமும் மனசைத் தோண்ட வேண்டாம்: மஞ்சூர் மழைமானி சொல்வது என்ன?

நீலகிரியில் மழை பிடித்துக்கொண்டால் மறுநாள் காலை ஒரு பட்டியல் வரும். அவலாஞ்சி, அப்பர்பவானி, எமரால்டு, குந்தா, கெத்தை, கிண்ணக்கொரை என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். எதிரே மில்லிமீட்டர் கணக்கு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பட்டியலின் மேல்வரிசையைப் பிடிப்பது பெரும்பாலும் மஞ்சூரைச் சுற்றியுள்ள மலைகள்தான். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. தினமும் காலை 8.30 மணிக்கு ஒருவர் போய் மழைமானியில் தேங்கிய தண்ணீரை அளந்து, நோட்டில் எழுதுகிறார். வெள்ளம் வந்த நாளிலும் எழுதுகிறார், வெயில் அடித்த நாளிலும் எழுதுகிறார். மழை இல்லாவிட்டால் 0. "இன்னைக்கு எழுத ஒண்ணுமே இல்லையே" என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதில்லை.

மனநலத்துக்காக டைரி எழுதுவது பற்றி இப்போது வருகிற நூற்றுக்கணக்கான வீடியோக்களில் இந்த ஒரு விஷயம்தான் இல்லை.

ரீல்ஸ் காட்டும் ஜர்னலிங்

ஜனவரி வந்தால் போதும், 'ஜர்னலிங்' ரீல்ஸ் வரிசை கட்டி நிற்கும். மர மேசை, மெழுகுவத்தி, தோல் அட்டை போட்ட நோட்டு, நாலு கலரில் பேனா, பக்கத்தில் ஆவி பறக்கும் காபி. 'உங்கள் உணர்வுகளை முழுமையாகக் கொட்டுங்கள்' என்று பின்னணியில் ஒரு குரல்.

மஞ்சூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டையோ, ஹட்டியில் நாலு பேர் படுக்கிற ஒரு அறையையோ நினைத்துப் பார்த்தால் இந்தக் காட்சி எங்கே பொருந்தும்? காலையில் இலை பறிக்கப் போய், எடை போட்டு, வீடு திரும்பி அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு மேசை இல்லை. அதைவிட முக்கியமாக, தனி அலமாரி இல்லை. ஊட்டிக் கல்லூரிக்குப் போய்வரும் மாணவருக்கு ஒரு நாளின் பெரும்பகுதி பஸ்ஸிலேயே கழிகிறது. ஆள் இருந்தால் கரன்ட் இருக்காது, கரன்ட் இருந்தால் ஆள் அசந்து தூங்கியிருப்பார்.

ஆக, டைரிப் பழக்கம் இவர்களுக்கு இல்லையா? இருக்கிறது. இவர்களுக்கு இருக்கிற மாதிரி அதை யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

ஆய்வு நடந்தது நான்கே நாள்

எழுதினால் மனசு லேசாகும் என்ற பேச்சுக்கு அறிவியல் முகவரி கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். சான்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு வந்தது 1986-ல். கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து, ஒரு குழுவினரை வாழ்க்கையில் தங்களை மிகவும் உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மற்றொரு குழு சாதாரண விஷயங்களை எழுதியது. ஒரு நாளைக்கு 15 நிமிடம். மொத்தம் நான்கு நாள்.

எழுதி முடித்த உடனே, வேதனையை எழுதியவர்களுக்கு மனநிலை மோசமாகத்தான் இருந்தது. இதைப் பல வீடியோக்கள் சொல்வதில்லை. ஆனால் அடுத்த சில மாதங்களில், நடந்ததையும் அதனால் மனசில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது.

கவனிக்க வேண்டிய இடம், அந்த 'நான்கு நாள்'. பென்னிபேக்கர் யாரையும் வாழ்நாள் முழுக்க தினமும் காயத்தைக் கிளறச் சொல்லவில்லை. எழுதும்போது தாங்க முடியாத அளவுக்குக் கலங்கினால் நிறுத்திவிட்டு வேறு எதையாவது எழுதுங்கள் என்பதும் அவருடைய அறிவுரையிலேயே இருக்கிறது.

நன்றி சொல்லும் டைரிக்கும் இதே கதைதான். தினமும் மூன்று நல்ல விஷயம் எழுதுங்கள் என்று எங்கும் சொல்கிறார்கள். சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஒரு ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி எழுதினால் அது சலித்துப்போய் வெறும் சடங்காகிவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தினமும் ஒரே குழம்பு வைத்தால் யாருக்குத்தான் ருசிக்கும்?

எல்லோருக்கும் இது பலன் தராது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பாராவும் குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, துணையைப் பிரிந்தவர்களைப் பற்றியது. 'ஏன் இப்படி ஆச்சு, ஏன் இப்படி ஆச்சு' என்று ஏற்கெனவே அர்த்தம் தேடித் தவித்துக்கொண்டிருந்தவர்களை, மனசின் ஆழத்தில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். அன்றாட வேலைகளைச் சாதாரணமாகக் குறித்துவைத்தவர்களைவிட இவர்கள் பல மாதம் கழித்தும் மோசமான நிலையில் இருந்தார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஒரே எண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வரும் ஆளிடம் பேனாவைக் கொடுத்தால், அந்தச் சுற்று காகிதத்திலும் தொடர்கிறது.

2006-ல் ஜோன் ஃப்ராட்டரோலி இப்படிப்பட்ட 146 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார். பலன் உண்டு, ஆனால் சிறியது என்பதே அவருக்குக் கிடைத்த விடை. காசு செலவில்லாத, பக்கவிளைவு அதிகம் இல்லாத ஒரு விஷயத்துக்குச் சிறிய பலனும் நல்ல பலன்தான். டைரி எழுதினால் வாழ்க்கையே மாறிவிடும் என்பது மட்டும் விளம்பரம்.

அப்படியானால் 'தினமும்' எதற்கு?

இங்கேதான் மழைமானி வருகிறது. தினமும் எழுத வேண்டியது அளவை. ஆழமாக எழுதுவது எப்போதாவது, தேவைப்படும்போது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, தினமும் ஒரு பக்கம் உணர்ச்சி பொங்க எழுத வேண்டும் என்று நினைப்பதால்தான் ஜனவரி 1-ல் தொடங்கும் டைரி பொங்கலுக்குள் நின்றுபோகிறது. பிறகு அது பால் கணக்குக்கும் போன் நம்பர் குறிக்கவும் போய்விடும். நகைக்கடையும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டும் தரும் டைரிகளுக்குத் தமிழ்நாட்டில் காலங்காலமாக இதுதான் கதி.

சொல்லப்போனால் அந்தப் பால் கணக்கு ஒன்றும் தோல்வி இல்லை. பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

மஞ்சூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு தேயிலை விவசாயி வீடுகளில் ஒரு நோட்டு இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை கிலோ இலை போட்டது, பாக்டரியில் எவ்வளவு கழித்தார்கள், பறிக்க வந்தவர்களுக்கு என்ன கூலி, உரம் எப்போது போட்டது. பிறர் தோட்டத்தில் பறிப்பவர்களும் அன்றைய எடையை மனசிலோ சீட்டிலோ வைத்திருப்பார்கள். தினமும் பேனா எடுக்கும் கை இது. அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி. 'ராத்திரி தூக்கம் வரல.' 'அண்ணன்கிட்ட பேசினேன், நல்லா இருந்துச்சு.' 'எதுவும் பிடிக்கல, ஏன்னு தெரியல.' அதுவும் இல்லையா, 0.

புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்குவதைவிட இருக்கிற பழக்கத்தில் ஒட்டவைப்பது எளிது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் செய்த ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் யோசிக்காமலே வருகிற அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். '21 நாளில் பழக்கம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பியவர்கள் 22-ம் நாள் சோர்ந்துபோவது அவர்கள் தப்பில்லை. அதே ஆய்வில் வந்த இன்னொரு நல்ல செய்தி: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளை என்ன எழுதினார்?

தமிழில் டைரி என்றதும் வர வேண்டிய பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக, ஆளுநர் டூப்ளேயின் நெருங்கிய ஆளாக இருந்தவர். 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை, கிட்டத்தட்ட 25 ஆண்டுகள் எழுதினார்.

'உணர்வுகளைக் கொட்டுங்கள்' என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எந்த அதிகாரி முகம் கொடுத்துப் பேசினார், எவர் முறைத்தார் என்று கணக்குப்பிள்ளைத்தனமாக எழுதிப் போகிறார். அந்தக் கணக்குக்கு நடுவில் அவருடைய பயம், பெருமை, பொறாமை எல்லாம் தானாக எட்டிப் பார்க்கின்றன. நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய நாட்குறிப்பில் விடுபட்ட காலங்களும் உண்டு. அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவர் எழுதிய தமிழும் பேச்சுத் தமிழ்தான், அக்காலப் புதுச்சேரியில் புழங்கிய சொற்கள் கலந்தது. டைரியில் செந்தமிழ் வர வேண்டும், கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று தயங்குபவர்கள் அதில் ஒரு பக்கத்தைப் புரட்டினால் தயக்கம் போய்விடும்.

எந்த மொழியில் எழுதுவது?

மஞ்சூரில் இது சாதாரணக் கேள்வி அல்ல. படுகர் வீட்டில் பேசுவது படுகு. பள்ளியில் படித்தது தமிழோ ஆங்கிலமோ. படுகு மொழிக்குத் தனக்கென்று பரவலாகப் புழங்கும் எழுத்து கிடையாது. அம்மாவோடு சண்டை போட்டது படுகில், அதை எழுதுவது தமிழில் என்றால், நடுவில் எங்கோ கொஞ்சம் கோபம் வடிந்துவிடும். சில நேரம் அந்த இடைவெளி நல்லதே, ஆள் கொஞ்சம் ஆறிவிடுவார். பல நேரம், சொல்ல வந்தது வேறு, எழுதியது வேறு என்று ஆகிவிடும்.

படுகையே தமிழ் எழுத்தில் எழுதலாம். வாட்ஸ்அப்பில் இளைஞர்கள் செய்வது அதைத்தானே? எழுத்துப் பழக்கம் இல்லாத பெரியவர்கள், போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு டைரி கிடையாது என்று யார் சொன்னது?

எந்த மொழியானாலும் ஒன்றைக் கவனிக்கலாம். பென்னிபேக்கர் பிற்காலத்தில், எழுதியவர்களின் சொற்களையே எண்ணிப் பார்த்தார். நாளாக ஆக 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்பதான் புரியுது' என்ற வகைச் சொற்கள் கூடிக்கொண்டு போனவர்களுக்குப் பலன் அதிகம் இருந்தது. முதல் நாள் எழுதியதையே நான்காம் நாளும் எழுதியவர்களுக்கு அவ்வளவாக இல்லை. ஒரு வாரம் கழித்துப் பழைய வரிகளைப் படித்தால் இது தானே தெரியும். ஒரே புலம்பல் எட்டு நாளாக மாறாமல் இருந்தால், அந்த விஷயத்தை நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு ஆளிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

யாராவது படித்துவிட்டால்?

டைரி பற்றிய அறிவுரைகளில் மிக லேசாகக் கடந்துபோகிற விஷயம் இதுதான். இளம்பெண் ஒருத்தி மனசில் இருப்பதை எழுதி, அதை அண்ணனோ மாமியாரோ படித்துவிட்டால் என்ன நடக்கும் என்று யோசிக்காமல் 'மனம் திறந்து எழுதுங்கள்' என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. சில வீடுகளில் அது படிப்பை நிறுத்துவதில் முடியும், சில வீடுகளில் அடியில் முடியும். நீலகிரி என்றில்லை, எல்லா ஊரிலும் இதுதான் நிலைமை. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இல்லாத வீட்டில் ரகசியம் என்பது பெரிய ஆடம்பரம்.

இதற்கும் வழி உண்டு. எழுதியதை வைத்திருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. பலன் பெரும்பாலும் எழுதும் செயலில் இருக்கிறது. கனமான விஷயத்தைத் தனித்தாளில் எழுதி, முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம். மஞ்சூர்க் குளிரில் அடுப்புக்குப் பஞ்சமில்லை. தினசரி நோட்டில் வெறும் எண் போதும்: மனசு எப்படி இருந்தது என்று 0 முதல் 5 வரை. எடைக் கணக்குக்கு நடுவில் இருக்கும் '2' என்ற எண்ணைப் பார்த்து யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். போனில் எழுதுவதானால், அந்த போனை வீட்டில் வேறு யாரெல்லாம் திறப்பார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும்.

தூக்கம் வராதவர்களுக்கு இன்னும் பாதுகாப்பான ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் 'ரேஷன் கடை, கேஸ் புக் பண்ணணும், சின்னவனுக்கு பீஸ்' என்று எழுதுவதை யார் படித்தாலும் கவலை இல்லை.

இலை விலையை டைரி ஏற்றுமா?

ஏற்றாது. இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு நீலகிரி சிறு விவசாயிகள் பல வருடமாகப் போராடுகிறார்கள். 2023-ல் தொடர் உண்ணாவிரதமே இருந்தார்கள். பறிகூலிக்கும் உரத்துக்கும் போக மிச்சம் நிற்காத மாதத்தில் ஒருவருக்குத் தூக்கம் வராமல் போவது மனசின் கோளாறு இல்லை, கணக்கின் கோளாறு. அவரிடம் போய் 'நன்றி டைரி எழுதுங்க' என்று சொன்னால் முகத்தில் அடித்த மாதிரிதான் இருக்கும். மனநலத்தைத் தனி ஆளின் வீட்டுப்பாடமாக மட்டும் மாற்றிவிடும் பேச்சை எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும்.

ஆனாலும் அந்த ஒரு வரி அவருக்கு ஒன்றைச் செய்யும். எது எதனால் வருகிறது என்று பிரித்துக் காட்டும். விலை சரிந்த வாரத்தில் மட்டும் 1, 2 என்று இருந்து, மற்ற நாளில் 4 என்று இருந்தால் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும். விலை நன்றாக இருந்த வாரத்திலும், ஊரில் திருவிழா நடந்த நாளிலும் 1 என்றே இருந்தால், அது வேறு விஷயம்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் ஆர்வம் இல்லாமல் இருந்தது, எத்தனை நாள் தூக்கம் கெட்டது, எத்தனை நாள் பசி இல்லை என்றுதான் அது கேட்கும். யாருக்கு ஞாபகம் இருக்கும்? மஞ்சூரிலிருந்து ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 30 கி.மீ. மலைப் பாதையில் போய், வரிசையில் நின்று, மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பலருக்கு வாயில் வருவது 'தலைவலி சார், உடம்பு அசதி' என்பதுதான். மருத்துவர் மாத்திரை எழுதுவார், அடுத்த ஆள் உள்ளே வருவார். கையில் 14 எண்கள் இருந்தால் பேச்சு வேறு மாதிரி தொடங்கும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416-க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் நோட்டில் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே அழைக்க வேண்டும்.

நோட்டு எப்படி இருக்கும்?

பெரிய டைரி வேண்டாம். சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ போகிற சின்ன நோட்டு. பேனாவைவிட பென்சில் நல்லது, ஏனென்றால் ஜூலை ஈரத்தில் மை பரவும், தாள் நமுத்துப்போகும். அரிசி டின்னுக்குள் வைத்தால் நோட்டும் காயும், யார் கண்ணிலும் படாது. நேரம், இலைக் கணக்கு எழுதும் அதே நேரம்.

ஒரு வாரம் போன பிறகு அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

திங்கள். 28 கிலோ. 3. மழை.

செவ்வாய். 31 கிலோ. 3.

புதன். வேலை இல்லை. 1. ராத்திரி பூரா முழிப்பு. காரணம் தெரியல.

வியாழன். 26 கிலோ. 2. கோயமுத்தூர்ல இருந்து தங்கச்சி வர்ற பஸ்ஸை கெத்தைகிட்ட யானை மறிச்சிருச்சு. வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது. அவ வந்ததும் தூங்கிட்டேன்.

வெள்ளி. 30 கிலோ. 4. புதன்கிழமை ஏன்னு இப்பதான் புரியுது, அப்பா திதி.

சனி. 0.

ஞாயிறு. 4. வெயில்.